கேட்டவருக்கும் பங்கு உண்டு

பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கதை முடிந்து மங்களம் பாடியதும் ஒரு வாழ்த்து வரும். இந்தக் கதையைப் படித்தவர்கள், உட்கார்ந்து கேட்டவர்கள், ஏட்டை வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர்கள் எல்லோரும் பிள்ளை குட்டியோடு நன்றாக இருப்பார்கள், மழை தவறாது, ஆடு மாடு பெருகும் என்கிற தோரணையில் இருக்கும். புராணக்காரர்களும் இதையே நூற்பயன் என்று பாடி வைத்திருக்கிறார்கள். பண்டிதர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எனக்கோ சின்ன வயதிலிருந்தே இந்த வாழ்த்தில் ஒரு சந்தேகம் உண்டு. தொண்டை வறளப் படித்தவனுக்கும் சும்மா உட்கார்ந்து கேட்டவனுக்கும் எப்படி ஒரே கூலி?

கூலிக் கணக்காகவே இதைப் பார்க்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் பிழைப்பு. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யார் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு அரை நாள், யார் எத்தனை கிலோ பழம் எடுத்தார்கள் என்று செக்ரோல் எழுதிக் காலம் தள்ளியவன். வேலை செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே சம்பளம் போட்டால் என் கணக்கில் அது பிழை. கடவுளின் கணக்கில் மட்டும் எப்படிச் சரியாகும் என்பதே என் கேள்வி. இதற்குப் பதில் எனக்குச் சாஸ்திரத்திலிருந்து பாதியும் சம்பள நாளிலிருந்து பாதியும் கிடைத்தது.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். கிரேஞ்ச் தோட்டம் அந்தக் காலத்தது. மலையில் ஏற்கெனவே ஊர் கட்டி வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் தங்கள் வரலாற்றைக் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் கதையாக வாயிலேயே வைத்திருந்தார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிப் போட்ட தொகுப்பில் அந்தக் கதை அச்சேறியது. அச்சேறியது என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. தோட்டங்கள் பெருகப் பெருகக் கீழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். என் தாத்தா அப்படி ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆயாவைத்தான் பார்த்தேன்.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். நாடு முழுவதுமே 1951 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றால், ஒரு தோட்டத்து லைனில் வேறெப்படி இருக்கும்? ஆனால் புத்தகம் இல்லாத லைன் என்று எங்கள் லைனைச் சொல்ல முடியாது. ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு இறங்கிப் போனவர்கள் வளையல், பொரி, சாந்துப் பொட்டோடு ஒரு புத்தகமும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை. சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட புத்தகங்கள் அவற்றில் பல. கொட்டை கொட்டையான எழுத்து. சிம்னி விளக்கு வெளிச்சத்தில், எழுத்து மேல் விரல் வைத்து ஓட்டுகிறவனுக்காகவே அச்சடித்தது. வாங்கியவர் ஒருவர், வைத்திருந்தவர் ஒருவர், படித்தவர் ஒருவர். சிமெண்டுச் சாக்குக் காகிதத்தில் அட்டை போட்டு வீடு வீடாகப் போய் வரும்.

நவம்பரிலிருந்து பழ சீசன். அப்போது யாரும் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். விடியும் முன் கூடையைக் கட்டிக்கொண்டு போய், இருட்டும் நேரத்தில் பழத்தை நிறுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்குக் கஞ்சி குடிக்கும்போதே கண் சொக்கும். பொங்கல் தாண்டி, களத்தில் காப்பி காய்ந்து மூட்டை ஏறின பிறகு கதை காலம் தொடங்கும். கவாத்துக் குச்சியை அடுப்பில் தள்ளிவிட்டு, குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்வார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன் என்பதால் படிக்கிற வேலை என் தலையில் விழும். வெறுமனே வாசித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்கென்று ஒரு ராகம் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் யாராவது உம் கொட்டுவார்கள். உம் நின்றுவிட்டால் ஆள் தூங்கிவிட்டது என்று பொருள். மறுபடி எழுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அல்லி அரசாணி மாலை படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, ஆயா வெற்றிலை குதப்பிக்கொண்டே, "நில்லு கண்ணு. அர்ச்சுனன் பாம்பா வர்றதுக்கு முன்னாடி ஒன்னு இருக்குதே, அத எங்க?" என்றது. பார்த்தால் என் கையிலிருந்த புத்தகத்தில் ஒரு தாளே கிழிந்து போயிருந்தது. தாளில் இல்லாததை ஆயா சொல்ல, மற்றவர்கள் உம் கொட்டினார்கள். கதை குறையில்லாமல் நகர்ந்தது. அன்றைக்கு அந்தக் கதையைப் படித்தது யார்? கண்ணும் நாக்கும் என்னுடையவை. நூல் ஆயாவிடம் இருந்தது.

பெரியவன் ஆனதும் இந்தப் படித்தவர், கேட்டவர் விவகாரம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். சேலம் போகிற நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து தேடியதில் முதலில் அகப்பட்டது ஒரு கொடுமையான விதி. வேதத்தை வேண்டுமென்றே கேட்ட சூத்திரன் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். அதற்குப் பிறகுதான் நாக்கு, உடம்பு என்று தண்டனை தொடர்கிறது. யாருக்காவது இதை உண்மையிலேயே செய்தார்களோ இல்லையோ, விதி எழுதியவர்களின் மனம் இதில் தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் காவல் போட்டது காதுக்கு. கேட்டாலே அது அவனுக்குச் சொந்தமாகிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். கேட்டவனுக்கு ஒன்றும் சேராது என்றால் எதற்கு ஈயம்?

அந்த விதிக்கு எதிர்த்திசையில் போனவர்களும் காதை வைத்தே போனார்கள். பெண்களும் சூத்திரர்களும் வேதம் கேட்க முடியாதே என்று இரக்கப்பட்டு வியாசர் பாரதத்தைச் செய்தார் என்று பாகவதம் சொல்கிறது. இரக்கம் என்று அவர்கள் சொல்வதை நான் ஏற்க வேண்டியதில்லை. பூட்டியது யார் என்று கேட்கலாம். ஆனாலும் எங்கள் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதம் படித்துப் பொருள் சொல்ல, வயலிலிருந்து நேராக வந்து மண் காலோடு உட்கார்ந்து கேட்கிற கூட்டம் அந்த வாசல் வழியாக உள்ளே வந்ததுதான். மழை பொய்த்தால் விராட பருவம் படிப்பார்கள். படிக்கிற ஒருவருக்காக மட்டும் மழை பெய்யப் போவதில்லையே. திருக்கோட்டியூரில் இராமானுசர் கோபுரத்தில் ஏறி, ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கீழே நின்றவர்கள் கையில் யாரும் ஓலை கொடுக்கவில்லை. காதில் விழுந்தது, போதும் என்றே அந்தக் கதை நினைக்கிறது. வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரம் வைத்த கையோடு, கல்லாதவனைத் தள்ளிவிட்டுப் போகாமல், கேள்வி என்று மூன்றாவது அதிகாரத்தை அவனுக்காகவே திறந்து வைத்தார்.

ஆக, கடைசிப் பக்க வாழ்த்து புத்தகம் விற்பதற்காகப் பதிப்பாளர் சேர்த்த சரக்கு இல்லை. கேட்பதும் பெறுவதும் ஒன்றே என்ற பழைய நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது.

இதை மறுக்கிற ஒரு நம்பிக்கையும் எங்கள் மலையில் இருந்தது. எங்கள் லைனில் மாரியம்மனைக் கும்பிடுகிற வீடுகளும் மாதாவைக் கும்பிடுகிற வீடுகளும் கலந்தே இருந்தன. மாதா வீடுகளில் தவக்காலத்தில் உபதேசியார் வந்து வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார். பெண்கள் கேட்டுக் கேட்டு அழுவார்கள். எங்கள் நல்லதங்காளுக்கு அழுகிற அதே ஆட்கள்தான். அதில் எனக்கு வேற்றுமை தெரியவில்லை. நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் கொள்கை வேறு. அது சீர்திருத்தச் சபையார் நடத்தியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த காலத்திலிருந்து, கடவுளின் சொல்லை ஒவ்வொரு மனிதனும் தன் கண்ணால் படிக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். குருக்கள் படித்துச் சொன்னார், கேட்டேன் என்பது அவர்களுக்குப் போதாது. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யார் பள்ளிக்கூடம் வைத்திருப்பார்கள்? என் எழுத்து அவர்கள் போட்டது. அந்தக் கடனை நான் மறக்கவில்லை.

அந்தப் பள்ளியின் வாத்தியார் ஒருவர் ஒருநாள் லைனுக்கு வந்தபோது ஆயாவிடம், "நீங்களே படிக்கக் கத்துக்குங்கம்மா. அடுத்தவங்க வாயை நம்பி இருந்தா ஏமாந்துருவீங்க" என்றார். நியாயமான பேச்சு. கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே சீரழிந்த தலைமுறைகள் உண்டு. 1859ஆம் ஆண்டு வேலை ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு ஓடினால் மாஜிஸ்திரேட் அவனைத் திரும்ப வேலைக்கு அனுப்பலாம், மறுத்தால் சிறையில் போடலாம். 1920களின் நடுவில் ரத்தாகும் வரை தோட்டங்களுக்கு அது பெரிய துணையாக இருந்தது. எழுத்து என்றால் எங்கள் முன்னோர் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆயா வாத்தியாருக்குச் சொன்ன பதில் இது: "கைநாட்டு வெக்கச் சொன்னவங்க யாரும் எங்களுக்குப் படிச்சுக் காட்டலிங்க வாத்தியாரய்யா. படிச்சுக் காட்டியிருந்தா நாங்க ஏன் வெக்கறோம்?"

வாத்தியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலின் கனம் எனக்குப் பல வருஷம் கழித்தே புரிந்தது. வாத்தியார் ஆயாவிடம் எழுத்தறிவு இல்லை என்று பார்த்தார். ஆயாவோ, எழுதினவன் தன் கடமையைச் செய்யவில்லை என்று பார்த்தது. யாரைப் பற்றி எழுதுகிறாயோ அவர் காதில் அதைப் போட வேண்டியது உன் பொறுப்பு என்பது ஆயாவின் கட்சி.

இந்த எண்ணம் ஆயாவுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சித்திரா பௌர்ணமியிலிருந்து என்பேன். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பிள்ளையார் கோயிலில் சித்திரபுத்திர நாயனார் கதை படிப்பார்கள். எமனுக்குக் கணக்கெழுதுகிறவர் அவர். மனிதர்கள் செய்கிற நல்லது கெட்டதை எல்லாம் ஏட்டில் ஏற்றுகிறவர். பசுவின் வயிற்றில் பிறந்தவர் என்பதால் விரதம் இருப்பவர்கள் அன்று பசும்பால், தயிர் தொட மாட்டார்கள். காப்பித் தோட்டத்திலேயே வெல்லம் போட்ட கடுங்காப்பிதான். புது நோட்டும் பேனாவும் வைத்துக் கும்பிடுவார்கள். வேண்டுதல் என்ன தெரியுமா? மலை அளவு பாவத்தைக் கடுகு அளவாகவும் கடுகு அளவு புண்ணியத்தை மலை அளவாகவும் எழுதிக்கொள்ளய்யா என்பது. ரைட்டரான பிறகு இந்த வேண்டுதலை நினைத்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். "அரை நாளை ஒரு நாளாப் போட்டுருங்க ரைட்டரய்யா" என்று மலைச்சரிவில் என்னைக் கேட்டதும் இதே ஜனங்கள்தானே.

சிரிப்பு அடங்கியதும் இதற்குள் ஒரு தத்துவம் இருப்பது தெரிந்தது. தங்களைப் பற்றி மேலே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நம்பினார்கள். அந்த எழுத்தை மாற்றவே முடியாது என்று மட்டும் அவர்கள் நம்பவில்லை. எழுதுகிறவரிடம் பேசலாம், மன்றாடலாம், விளக்கம் சொல்லலாம். எமன் சபையில் செத்தவன் கணக்கு அவன் முன்னிலையில் வாசிக்கப்படும். வாசிக்காமல் யாரையும் நரகத்துக்குத் தள்ளுவதில்லை. எந்தக் கோர்ட்டிலும் தன் பெயரில் எழுதியதைக் கேட்டறியாத ஒரு கூலிக்காரிக்கு இந்தக் காட்சி என்னவாகப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்ளாத அண்ணன் ஒருவர் எங்கள் பஜாரில் இருந்தார். சங்கத்து ஆள். சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் விடுதலை பத்திரிகையை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். "மேலே ஒருத்தன் சரியா எழுதறான்னு நம்பிக்கிட்டு, கீழே தப்பா எழுதறவனை விட்டுடறீங்க" என்பார். பெரியார் குடி அரசு பத்திரிகையை 1925இல் தொடங்கியது பக்கத்து ஈரோட்டில். திராவிடர் கழகம் என்று பெயர் வைத்தது 1944இல் எங்கள் சேலத்து மாநாட்டில். இந்தப் பேச்சு எங்களுக்கு அயல் சரக்கு இல்லை. அண்ணன் சொன்னதில் உண்மை இருந்தது. சித்திரபுத்திரன் பார்த்துக்கொள்வான் என்று வாயை மூடிக்கொண்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணன் படித்த முறை பாரதம் படித்த முறையே. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் உம் கொட்டி, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டு, பொருள் பிரித்து வாதாடினார்கள். சுயமரியாதைக்காரர்கள் ஊர் ஊராக வைத்த படிப்பகங்களிலும், தினத்தந்தி வந்த பிறகு டீக்கடைகளிலும், முடிவெட்டும் கடைகளிலும் நடந்தது இதுவே. புராணத்தை எதிர்த்தவர்கள் புராணம் கேட்கிற காதுகளை நம்பித்தான் பத்திரிகை நடத்தினார்கள். அந்தக் காதுகள் ஏற்கெனவே பழகியிருந்தன. எதைக் கேட்டாலும் எதிர்க் கேள்வி கேட்கப் பழகியிருந்தன. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அண்ணன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

சித்திரபுத்திரனை நம்பியவர்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஆயா ஒரு வழி கண்டிருந்தது. லைன் வீட்டுச் சுவரில் அடுப்புக் கரியால் கோடு போட்டு வைக்கும். வேலைக்குப் போன நாளுக்கு நெட்டுக்கோடு, அரை நாளுக்குப் பாதிக்கோடு. எனக்கு முன்னால் இருந்த ரைட்டர் சம்பள நாளில் மொத்தத் தொகையை மட்டும் சொல்லிக் காசை நீட்டுவார். ஆயா கையை நீட்டாது. "மொத்தம் அப்புறம் சொல்லுங்க சாமி. மொதல்ல நாள் நாளாப் படிங்க" என்று நிற்கும். பின்னால் வரிசை நெளியும். அவர் எரிச்சலோடு படிப்பார். சுவர்க் கோட்டை மனசில் வைத்துக்கொண்டு ஆயா உம் கொட்டும். அல்லி கதைக்குக் கொட்டுகிற அதே உம். சில மாதம் ஒரு இடத்தில் உம் நின்றுவிடும். அங்கே ஒரு கோடு குறைந்திருக்கும். மெல்ல மெல்ல மற்ற பெண்களும் படிக்கச் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த பிறகு எல்லோருக்கும் படித்துக் காட்டுவதென்று வைத்துக்கொண்டேன். சம்பள நாள் இழுத்துக்கொண்டு போகிறதே என்று மேலே இருந்தவர்களுக்கு முணுமுணுப்பு உண்டு. அதைவிட முக்கியமான ஒன்று எனக்குள் நடந்தது. நாளைக்கு இதை அத்தனை காதுக்கு முன்னால் உரக்கப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்தால், இன்றைக்கு எழுதுகிற கை வேறு மாதிரி எழுதுகிறது. அவசரத்தில் அரை நாள் போட்டுவிடலாம் என்று பேனா போகும், அந்தப் பெயருக்குரியவளின் உம் காதில் விழும், பேனா நிற்கும். கேட்கப்போகிறவர்கள் எழுத்தை முன்கூட்டியே திருத்திவிடுகிறார்கள். கேட்பது சும்மா உட்காருவது என்று நான் நினைத்திருந்தேன். கேட்பவர்கள் செய்த வேலை என் செக்ரோலில் ஒவ்வொரு வரியிலும் இருந்தது.

உலகத்தின் வேறு மூலைகளிலும் தொழிலாளிகள் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். கியூபாவில் ஹவானா நகரத்து எல் ஃபிகாரோ சுருட்டுத் தொழிற்சாலையில் 1865இல் ஒரு வாசகரை மேடையில் உட்காரவைத்தார்கள். கை சுருட்டைச் சுருட்ட, காது நாவலையும் பத்திரிகையையும் கேட்டது. வாசகர் சம்பளத்தைத் தொழிலாளிகளே போட்டுக் கொடுத்தார்கள். மறு வருஷமே ஸ்பானிய கவர்னர் அதைத் தடை செய்தார். கேட்கக் கூடாது என்று கௌதமர் சொன்னதைத்தான் அந்தக் கவர்னரும் சொன்னார். நம் பக்கத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளிகளிடமும் இந்த வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை படிப்பார், அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். படித்தவருக்கும் கேட்டவருக்கும் ஒரே கூலி என்பதை அங்கே கணக்குப் போட்டே நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் ஆட்டியது ராஜஸ்தான் செய்தி. சென்னையில் பிறந்த அருணா ராயும் தோழர்களும் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டி, அரசாங்க வேலைகளின் மஸ்டர் ரோலை உரக்கப் படித்தது. ஆமாம், செக்ரோல்தான். பெயர் பெயராகப் படிக்கப் படிக்க, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்று ஒருவர், எனக்கு அவ்வளவு கூலி தரவில்லையே என்று இன்னொருவர் எழுந்தார்கள். அடுத்தடுத்து நடந்த இப்படிப்பட்ட விசாரணைகளில் செத்தவர்கள் பெயரில் கூலி எழுதியதும் வெளியே வந்தது. கூட்டத்தில் பலருக்கு எழுத்து தெரியாது. அந்த எழுத்தில் பொய் எது என்று சொல்ல அவர்களால் மட்டுமே முடிந்தது. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்த ஊர்க்கூட்ட வாசிப்புகளும் ஒரு வேர். படித்ததும் அழுதேன். ஆயா இறந்து வெகு காலம் ஆகியிருந்தது.

நூற்பயன் விவகாரத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். மறுமையில் கிடைப்பதைப் பற்றி எனக்குச் சாட்சி இல்லை. அங்கே எழுதுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் படித்தவருக்கும் கேட்டவருக்கும் ஒரே பங்கு என்று சொன்னவர்கள் கணக்குத் தெரியாமல் சொல்லவில்லை. படிக்கிறவன் எழுத்தை ஒலியாக்குகிறான். அது சரியா, முழுசா, நமக்குப் பொருந்துகிறதா என்று நிறுத்துப் பார்க்கிறவர் கேட்பவர். அந்த நிறுவை இல்லாவிட்டால் நூலும் கெட்டுப்போகும், செக்ரோலும் கெட்டுப்போகும். மிஷன் பள்ளி வாத்தியார் சொன்னதையும் நான் விடவில்லை. எல்லோரும் படிக்கத்தான் வேண்டும். என் பேத்திகள் படிக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. எல்லோரும் தனித்தனியாகப் படிக்கத் தெரிந்துகொண்ட பிறகு, சேர்ந்து கேட்கிற வேலையை யாருக்கும் இல்லாமல் விட்டுவிட்டோம். இன்றைக்குக் கூலி வங்கிக்குப் போகிறது. கைப்பேசியில் இங்கிலீஷில் ஒரு வரி வருகிறது. பிடித்தம் என்ன, எத்தனை நாள் என்று அதை வைத்துக்கொண்டு படித்த பிள்ளைகளும் கேட்பதில்லை.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே ஒன்று சொல்கிறேன். நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கை என்று ஒரு பிரிவே வைத்து, கணக்கைச் சபை முன் வைக்கச் சொன்னார்கள். பல இடங்களில் நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. நான் போகிற கூட்டங்களில் வரவு செலவை வரி வரியாகப் படிக்கச் சொல்கிறேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டே படிக்கிறார்கள். முதலில் நான் ஒருவன் கேட்டேன்; இப்போது முன்வரிசைப் பெண்கள் சிலர் இடைமறித்துக் கேள்வி கேட்கிறார்கள். கோயிலில் புராணம் கேட்டால் புண்ணியம் என்று நம்புகிறவர்கள் இங்கேயும் வந்து உட்காரலாம். புராணம் பொய் என்று நினைக்கிறவர்கள் கட்டாயம் வந்து உட்கார வேண்டும். எழுதியவர்கள் பயப்படுவது படிக்கத் தெரிந்தவர்களுக்கு இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் என்பதை நாற்காலியின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.